வயது போகாத வீரர்கள்

1938ஆம் ஆண்டு ஜூன் மாதத் திகதியிட்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘அக்ஷன் கொமிக்ஸ்’ சஞ்சிகையின் முதலாவது இதழின் அட்டையில், நீல உடையும் சிவப்புப் போர்வையும் அணிந்த ஒருவன் பச்சை நிற மோட்டார் காரொன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பாறையில் மோதிக்கொண்டிருக்கிறான். சுப்பர்மேன் உலகுக்கு அறிமுகமானது இவ்வாறுதான். அன்று அவன் வாலிபன். எட்டரைத் தசாப்தங்கள் கடந்துவிட்டன. இன்றும் அவன் நாற்பதைத் தொடவில்லை. அந்த முதல் இதழைப் பத்துச் சதம் கொடுத்து வாங்கிய சிறுவர்களோ பேரப்பிள்ளைகளைக் கண்டு, பெரும்பாலும் மறைந்தும் விட்டார்கள்.

இவனுக்கு ஏன் வயது போவதில்லை? அமெரிக்கச் சித்திரக்கதை வாசகர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியை விவாதித்து வருகிறார்கள். மேலோட்டமாகப் பார்க்கும்போது இது சிறுபிள்ளைத்தனமான விவாதமாகத் தோன்றலாம். ஆனால் அதன் வரலாற்றைச் சற்றுத் தொடர்ந்து செல்வோமாயின், நாம் வந்து சேரும் இடம் வேறு. ஒரு கதைக்கு யார் உரிமையாளர், அதன் காலத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற வினாக்களே அங்கு நமக்காகக் காத்திருக்கின்றன.

முதல் இருபது ஆண்டுகளில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. அன்றைய வாசகர் சிறுவர். சில ஆண்டுகள் வாசிப்பர், பின்னர் விட்டுவிடுவர், அடுத்த தலைமுறை வரும் என்பதே பத்திராதிபர்களின் கணிப்பு. ஆகவே ஒரே கதையைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சொன்னாலும் கேட்பாரில்லை. ஐம்பதுகளின் கடைசியில் சுப்பர்மேன் சஞ்சிகைகளில் வாசகர் கடிதப் பகுதி தொடங்கியது. 1961இல் ‘ஆல்ட்டர் ஈகோ’ என்ற ரசிகர் சிற்றிதழ் வெளிவந்தது. அதைத் தொடங்கிய ஜெரி பெயில்ஸ் டெட்ரொயிட் நகரில் பல்கலைக்கழக ஆசிரியர். அவரோடு சேர்ந்து இயங்கிய ரோய் தோமஸ், மிசூரி மாநிலத்தில் பாடசாலை ஆங்கில ஆசிரியராயிருந்தவர். இவர்கள் நாற்பதுகளில் சிறுவராக வாசித்தவற்றை வளர்ந்த பின்னரும் மறக்காதவர்கள். பழைய இதழையும் புதிய இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள். வயதைப் பற்றிய கேள்வி அத்தகையோருக்கே எழும். ஞாபகம் இல்லாதவனுக்கு யாருக்கும் வயது போவதில்லை.

விளக்கங்கள் பலவாறு கூறப்பட்டன. சுப்பர்மேன் வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன், நமது மஞ்சள் சூரியனின் கதிர்கள் அவன் உடலைத் தளரவிடாமல் காக்கின்றன என்பது ஒன்று. இது சுப்பர்மேனுக்குப் பொருந்தலாம். அவனோடு பணிபுரியும் பத்திரிகையாளர் லோயிஸ் லேனுக்குப் பொருந்துமா? 1939இல் தோன்றிய பேட்மேன் எந்த அதிசய சக்தியும் இல்லாத சாதாரண மனிதன். அவனுக்கும் நரை விழவில்லையே! சுப்பர்மேனின் பிறந்தநாள் பெப்ரவரி 29 என்றும், ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு ஒரு வயதுதான் அவனுக்குக் கூடுகிறது என்றும் பகிடியாக ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. வாய்ப்பாடு தெரிந்த சிறுவர்களை அது சில காலம் திருப்திப்படுத்தியிருக்கும்.

கதாசிரியர்கள் தந்த விடை இன்னும் சிக்கலானது. 1961 செப்டெம்பர் திகதியிட்ட ‘ஃபிளாஷ்’ 123ஆவது இதழில் கார்ட்னர் ஃபொக்ஸ் எழுதிய கதையில் இரண்டு பூமிகள் வந்தன. நாற்பதுகளின் வீரர்கள் ஒரு பூமியில், புதியவர்கள் மற்றதில். பின்னர் அந்த முதற் காலத்துப் பூமியில் சுப்பர்மேனுக்குக் காதோரம் நரைத்தது. லோயிஸ் லேனை மணம் முடித்தான். அதாவது, வயது போகின்ற சுப்பர்மேனை ஒரு மூலையில் குடியிருத்திவிட்டு, வயது போகாதவனை வழமைபோல் விற்பனைக்கு வைத்தார்கள். 1985 - 86இல் வெளிவந்த பன்னிரண்டு இதழ்த் தொடரொன்றில் இந்தப் பல பூமிகள் ஒன்றாக்கப்பட்டன. நரைத்தவனுக்கு அதன்பின் அங்கே இடமில்லாமற் போயிற்று.

ரோய் தோமஸ் 1965இல் ஆசிரியத் தொழிலை விட்டுச் சித்திரக்கதைத் துறைக்கே வந்துவிட்டார். 1984இல் அவர் எழுதிய கதையொன்றில், நாற்பதுகளின் வீரர்கள் ஒரு வில்லனின் மர்ம சக்தியால் தாக்கப்பட்டதாகவும், அதனாலேயே அவர்கள் மெதுவாக முதுமையடைவதாகவும் காரணம் கூறப்பட்டது. ரசிகராக இருந்தபோது மனதைக் குடைந்த கேள்விக்கு, எழுத்தாளரான பின்னர் அவரே விடை எழுதினார் எனலாம்.

இந்த விளக்கங்கள் யாவும் கதைக்குள்ளே நின்று சொல்லப்பட்டவை. கதைக்கு வெளியே நின்று பார்த்தவர் இத்தாலிய அறிஞர் உம்பர்தோ எக்கோ. 1962இல், தமது முப்பதாவது வயதில், சுப்பர்மேனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. பழைய புராண நாயகனின் கதை நடந்து முடிந்த கதை. அதைக் கேட்பவருக்கு முடிவு முன்னரே தெரியும். நாவலின் நாயகனோ அடுத்து என்ன செய்வான் என்று தெரியாதவன். அவன் செய்யும் ஒவ்வொரு செயலும் அவனுடைய ஆயுளிலிருந்து சிறிதளவைச் செலவழிக்கிறது. சுப்பர்மேன் இரண்டாகவும் இருக்க வேண்டியுள்ளது. புதிய புதிய செயல்களைச் செய்ய வேண்டும், ஆனால் செலவாகிவிடக் கூடாது. ஆகவே நேற்று நடந்தது இன்றைய கதையில் ஞாபகத்திற்கு வராத, கனவு போன்றதொரு காலத்தில் அவன் வாழ்கிறான் என்பது எக்கோவின் விளக்கம். அத்தகைய காலத்தில் பழகிவிடும் வாசகன், தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையிலுள்ள தொடர்பை மறந்துவிடக் கூடும் என்பதே அவர் முன்வைத்த எச்சரிக்கை.

எக்கோ இதை எழுதிய அதே ஆண்டில் மாற்று முயற்சியொன்றும் ஆரம்பமானது. 1962 ஓகஸ்ட் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய ஸ்பைடர்மேன் ஒரு பாடசாலை மாணவன். 1965இல் அவன் பாடசாலைப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் புகுந்தான். வாசகனும் வீரனும் ஒன்றாக வளர்ந்த காலம் அது. ஆனால் அது நீடிக்கவில்லை. பட்டம் பெற அவனுக்கு 1978 வரை சென்றது. 1987இல் திருமணம் நடந்தது. 2007இல் அந்தத் திருமணமே நடக்கவில்லை என்று கதையில் துடைத்தழிக்கப்பட்டது. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதையில் 1968இல் பிறந்த ஃபிராங்க்ளின் என்ற குழந்தை, முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் சிறுவனாகவே இருந்தான். கதையின் தொடக்கம் எப்போதும் இன்றிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர்தான் நிகழ்ந்தது என்ற நகரும் காலக்கணக்கு பின்னர் வழக்கமாயிற்று. நாம் முன்னே செல்லச் செல்ல அந்தத் தொடக்கமும் நமக்குப் பின்னாலேயே நடந்து வருகிறது.

இந்த நகரும் கணக்கு உண்மையான வரலாற்றைச் சந்திக்கும்போதுதான் இடறுகிறது. வகுப்பிலே ஆண்டுகளை மனனம் செய்து ஒப்புவிக்கும் மாணவரிடம், அந்த ஆண்டில் அந்த மனிதருக்கு என்ன வயது என்று நான் கேட்பதுண்டு. வரலாறு நடந்தது ஆட்களுக்கு என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புலப்படும். வீரர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும், உலகின் மிகப் பலசாலியான சுப்பர்மேன் ஏன் போர்முனைக்குச் செல்லவில்லை என்ற சங்கடம் எழுந்தது. அவன் சென்றால் போர் ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டும். உண்மையில் மனிதர்கள் நாள்தோறும் மடிந்துகொண்டிருந்தார்கள். 1942இல் பத்திரிகைத் தொடரில் இதற்கொரு வழி கண்டார்கள். படையில் சேரச் சென்றவன் கண் பரிசோதனையில், சுவரை ஊடுருவும் தன் பார்வையால் அடுத்த அறையிலிருந்த எழுத்துப் பலகையைத் தவறுதலாக வாசித்துவிட்டான். பார்வைக் குறைபாடு என்று திருப்பி அனுப்பப்பட்டான். யுத்தத்தில் சேராததால் யுத்தத்தின் வயதும் அவனைச் சேரவில்லை.

கப்டன் அமெரிக்காவோ யுத்தத்திற்காகவே பிறந்தவன். 1941 மார்ச் திகதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்தினான். அவனை வேறு காலத்திற்கு நகர்த்த முடியாது. ஆகவே 1964இல், அவன் பனிக்கட்டியில் உறைந்து கிடந்ததாகவும் அதிலிருந்து மீட்கப்பட்டதாகவும் கதை எழுதினார்கள். அன்று அந்த உறக்கம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். 2011இல் வந்த திரைப்படத்தில் அது எழுபதை அண்மித்துவிட்டது. அவனுக்கு வயது போகவில்லை, அவனுடைய தூக்கத்திற்குத்தான் வயது போகிறது.

அயன்மேன் 1963இல் தோன்றியபோது வியட்நாமில் காயமடைந்து கைதியானான். 2008 திரைப்படத்தில் அந்த இடம் ஆப்கானிஸ்தான். 2019இல் வெளிவந்த தொடரொன்றில் மார்வெல் நிறுவனம் சியன்கொங் என்றொரு கற்பனை நாட்டில் ஒரு கற்பனை யுத்தத்தை உருவாக்கி, பழைய கதைகளை அதில் பொருத்தியது. கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் உண்மையாகவே நடந்து, உண்மையாகவே மனிதர் மடிந்த ஒரு யுத்தத்தின் இடத்தில், யாரும் மடியாத யுத்தம் ஒன்று வந்து அமர்ந்துகொண்டது. ஒரு வீரனின் இளமைக்குக் கொடுக்கப்பட்ட விலை இது.

அந்த விலையைக் கொடுக்க மறுத்த பாத்திரமும் உண்டு. 1963 முதல் வெறும் வில்லனாக உலவிய மெக்னீட்டோ, சிறுவயதில் ஒளஷ்விட்ஸ் நாஸி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவன் என்பதை 1981இல் கிறிஸ் கிளேர்மொன்ட் எழுதினார். 2008இல் தொடங்கிய தொடரொன்று அவனது பாலப்பருவத்தையே கதையாக்கியது. அவனுக்கு இன்று தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும். எழுபதுகளில் வந்த பழைய கதையொன்றில் அவன் குழந்தையாக்கப்பட்டு, மீண்டும் வாலிபனாக்கப்பட்ட சம்பவத்தை வாசகர்கள் தேடியெடுத்து வயதுக் கணக்கைச் சமாளிக்கிறார்கள். உடலை இளமையாக்கலாம். ஆனால் பிறந்த காலத்தை மாற்ற முடியாது. ஒளஷ்விட்ஸுக்குப் பதிலாகக் கற்பனை முகாம் ஒன்றை வைக்க வாசகர் எளிதில் சம்மதியார். இப்படி ஞாபகம் உள்ளவனுக்கு வயதும் உண்டு.

வயது போவதால் கதை செத்துவிடும் என்பதும் உண்மையல்ல. ‘கசொலீன் அலி’ என்ற அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரத் தொடரில் 1921இல் வாசற்படியில் விடப்பட்ட கைக்குழந்தை, வாசகரோடு சேர்ந்து வளர்ந்து, யுத்தத்திற்குச் சென்று, குடும்பம் கண்டது. பிரித்தானியாவின் ஜட்ஜ் டிரெட் 1977 முதல் ஆண்டுக்கு ஓராண்டாக முதிர்ந்து வருகிறார். தமிழ் வாசகர் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிந்த ஃபாண்டத்திற்கு லீ ஃபோக் 1936இலேயே இன்னொரு தீர்வு கண்டிருந்தார். சாவில்லாதவன் என்று காடு நம்பும் முகமூடிக்காரன் உண்மையில் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் ஒரு பொறுப்பு. இப்போதிருப்பவர் இருபத்தோராவது ஆள். மனிதன் இறக்கிறான், கடமை தொடர்கிறது. முகமூடி சாகாதிருக்க மனிதர்கள் செத்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கதை ஒளிக்கவில்லை. ஆயினும் அந்த இருபத்தோராவது ஆளே 1936 முதல் இன்றுவரை பதவியில் இருக்கிறார் என்பது வேறு விடயம்!

அப்படியாயின் சுப்பர்மேனுக்கு மட்டும் ஏன் மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வு பெற முடியவில்லை? அவன் ஒரு நிறுவனத்தின் சொத்து என்பதே விடை. சொத்துக்கு நரை விழுவதை உரிமையாளர் விரும்புவதில்லை. அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லண்ட் நகரத்து இளைஞர்கள். 1938 மார்ச்சில், தமது இருபத்துமூன்றாவது வயதில், முதற்கதையோடு சகல உரிமைகளையும் 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் வழக்காடியும் உரிமை கிடைக்கவில்லை. கதைகளிலிருந்து அவர்களது பெயர்களும் நீக்கப்பட்டன. 1975இல் ஷூஸ்டர் ஏறக்குறையப் பார்வை இழந்திருந்தார். சீகல் சிறு சம்பளத்திற்கு எழுதுவினைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தமது நிலையை அவர்கள் பகிரங்கப்படுத்திய பின்னரே, அவ்வாண்டு டிசம்பரில் ஆளுக்கு வருடாந்தம் 20,000 டொலர் உதவிப் பணமும், படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன. ஷூஸ்டர் 1992இல் 78 வயதிலும், சீகல் 1996இல் 81 வயதிலும் காலமானார்கள். வீரனுக்குப் போகாத வயதெல்லாம் அவர்களுக்குப் போயிற்று.

சுப்பர்மேனுக்கு ஏன் வயது போவதில்லை என்று கேட்ட வாசகர்கள் விளையாட்டாகவே தொடங்கியிருக்கலாம். ஆனால் திகதிகளைக் குறித்து, இதழ்களை ஒப்பிட்டு, முரண்களைச் சுட்டி அவர்கள் செய்தது வரலாற்று மாணவனின் வேலை. நடந்ததை நடக்கவில்லை என்று நிறுவனம் சொன்னபோதெல்லாம், ‘நாங்கள் வாசித்தோமே’ என்று சாட்சி சொன்னவர்கள் அவர்கள்.

நிறுத்தி வைக்கப்பட்ட காலத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கச் சட்டத்தின்படி, 95 ஆண்டுகள் நிறைவடைந்து, 2034 ஜனவரி 1ஆம் திகதி சுப்பர்மேனின் முதற்கதை பதிப்புரிமையிலிருந்து விடுபடும். வணிகச் சின்னம் தொடர்பான கட்டுப்பாடுகள் தொடர்ந்தாலும், அந்த முதற்கதையின் நாயகனை எடுத்து எவரும் கதை எழுதலாம். விரும்பினால் அவனுக்கு நரையும் கொடுக்கலாம், ஓய்வும் கொடுக்கலாம். சீகலும் ஷூஸ்டரும் உயிரோடிருந்தால் அன்று அவர்களுக்கு 119 வயது.