தாங்கிமேல் பதித்த உலோக நானோ வினையூக்கிகள்

ஆல்கஹால்களை ஆல்டிஹைடுகளாகவோ கீட்டோன்களாகவோ மாற்றி, வினையை அந்தப் படியிலேயே நிறுத்தப் பயன்படும் திண்ம வினையூக்கிகள். தங்கம், பல்லேடியம், பிளாட்டினம் முதலிய உலோகங்களின் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களைக் கரி, டைட்டானியம் டைஆக்சைடு, சீரியம் ஆக்சைடு போன்ற தாங்கிகளின் பரப்பில் பதித்து இவை ஆக்கப்படுகின்றன. துகள்கள் ஒன்றுசேர்ந்து பருத்துவிடாமல் தாங்கி காக்கிறது. வினை முடிந்ததும் இவற்றை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம்.

தேவை

பென்சைல் ஆல்கஹாலிலிருந்து கிடைக்கும் பென்சால்டிஹைடு, வாசனைப்பொருள், மருந்துத் தொழில்களுக்கு வேண்டிய பொருள். வினை ஒரு படி மிஞ்சினால் அது பென்சாயிக் அமிலமாகிவிடும். ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க நெடுங்காலமாகக் குரோமிக் அமிலம் போன்றவை பயன்பட்டன; அவை நச்சுக் கழிவைத் தருபவை. வேறு தொழிலில் உண்டானதாயினும், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது, குரோமியத்தின் தீங்கைத் தமிழ்நாடு நேரில் கண்ட நிகழ்வு. நானோ வினையூக்கிகளைக் கொண்ட புதிய முறையில் ஆக்சிஜன் வாயுவே ஆக்சிஜனேற்றி. முதன்மையான துணைவிளைபொருள் நீர்.

வினை நிகழும் விதம்

ஆல்கஹால் உலோகப் பரப்பில் ஒட்டி ஆல்காக்சைடாகிறது. அதன் கார்பன் அணுவிலிருந்து ஹைட்ரஜன் உலோகத்துக்கு மாற, ஆல்டிஹைடு விடுபடுகிறது. ஆக்சிஜன் அந்த ஹைட்ரஜனை நீராக்கி அகற்றிப் பரப்பை மீட்கிறது.

வரலாறு

மந்த உலோகமெனக் கருதப்பட்ட தங்கம், நானோ அளவில் கார்பன் மோனாக்சைடைக் குறைந்த வெப்பநிலையிலேயே ஆக்சிஜனேற்றும் என்று ஜப்பானின் மசாதாகே ஹருதா 1987-இல் காட்டினார். 1998-இல் இத்தாலியின் பிராதி, ரோசி இருவரும் கரிமேல் பதித்த தங்கத்தால் டைஆல்கஹால்களை ஆக்சிஜனேற்றினர். 2006-இல் கிரஹாம் ஹட்சிங்ஸ் குழு, டைட்டானியம் டைஆக்சைடின்மேல் தங்கமும் பல்லேடியமும் சேர்ந்த துகள்களைக் கொண்டு, கரைப்பான் இல்லாமலே ஆல்டிஹைடைப் பெற்றது.

காரைக்குடியில்

அழகப்ப செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இங்கு, ஆல்கஹாலை ஆல்டிஹைடுப் படியில் நிறுத்தும் இதே இலக்கை மின்னாற்பகுப்பு வழியே அடையும் ஆய்வுகள் நடந்துள்ளன. சோடியம் புரோமைடு கரைந்த நீரும் கரிமக் கரைப்பானும் இரு அடுக்குகளாக இருக்க, நேர்மின்வாயில் உண்டாகும் புரோமின் வகைப் பொருள் பென்சைல் ஆல்கஹாலைப் பென்சால்டிஹைடாக்கிவிட்டு மீண்டும் புரோமைடாகிறது.

நிறுவனத்தின் மற்றொரு துறையான எரிபொருள் மின்கல ஆய்வில் நோக்கம் நேர்மாறானது. அங்கே மெத்தனால் கார்பன் டைஆக்சைடு வரை முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைய வேண்டும். இடையில் தோன்றும் கார்பன் மோனாக்சைடு, கரிமேல் பதித்த பிளாட்டினத்தின் பரப்பை அடைத்துவிடுவதால் ருதீனியம் சேர்க்கப்படுகிறது. வேதிப்பொருள் தயாரிப்பில் பாதியில் நிறுத்துவதும், மின்கலத்தில் இறுதிவரை செலுத்துவதும் உலோகத் தேர்வு, துகள் அளவு, தாங்கியின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தே அமைகின்றன.