வேலையிழப்பு ஒரு வீட்டோடு முடிவதில்லை

வேலையில்லாத் திண்டாட்டம் என்றதும், படித்து முடித்து வேலை தேடி அலையும் இளைஞர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். பார்த்துவந்த வேலை பறிபோவதும், வாரம் ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாகச் சுருங்குவதும் இதே பிரச்சினையின் வேறு முகங்கள்தாம். இவை வணிகத்தையும் சமுதாயத்தையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை, நமக்கு நன்கு தெரிந்த தோல் தொழிலை வைத்துப் பார்ப்போம்.

ஒரு தொழிலை நம்பிய ஊர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் நகரங்கள். முஸ்லிம் வணிகர்கள் பல தலைமுறைகளாக இத்தொழிலில் இருக்கிறார்கள். இங்கு தயாராகும் காலணிகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகின்றன. காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் வந்து போகிறவர்கள் பலர்.

ஏற்றுமதியை நம்பிய தொழில் என்பதால், அடி எங்கிருந்தோ வந்து விழுகிறது. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு தொழிற்சாலைகளை மூட வைத்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஏற்றுமதியாளர்கள் மீண்டும் நெருக்கடிக்கு ஆளானார்கள்.

வணிகத்துக்கு என்ன நேர்கிறது?

ஒரு தொழிற்சாலையில் 500 பேருக்கு வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்றால், மாதம் 50 லட்சம் ரூபாய் நின்றுபோகிறது. அதில் பெரும்பகுதி உள்ளூர்க் கடைத்தெருவில் செலவாகியிருக்க வேண்டிய பணம். முதலில் ஜவுளிக்கடையில் கூட்டம் குறைகிறது. பிறகு மளிகைக் கடையில் கடன் நோட்டு தடிக்கிறது. கடன் திரும்பாததால் மளிகைக்காரர் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட முடியாமல், கடைப் பையனை நிறுத்துகிறார். ஒரு வேலையிழப்பு இன்னொன்றைப் பெற்றெடுக்கிறது.

ஆட்களை நிறுத்தும் முதலாளிக்கும் இழப்பு உண்டு. ஆர்டர் திரும்பி வரும்போது, தைப்பதில் தேர்ந்த கைகள் வேறு வேலைக்கோ வேறு ஊருக்கோ போயிருக்கும். புதியவர்களைப் பழக்க மாதங்கள் ஆகும்.

சமுதாயத்துக்கு என்ன நேர்கிறது?

நகை அடகுக்குப் போகிறது. வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கப்படுகிறது. பிள்ளைகளின் படிப்பு தடைபடுகிறது. பெண் பிள்ளையின் படிப்பே பெரும்பாலும் முதலில் நிற்கிறது. சம்பாதித்ததால் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருந்த சொல்லுரிமையும் மெல்லக் குறைகிறது.

இந்தத் துன்பம் முழுவதும் புள்ளிவிவரத்தில் தெரிவதில்லை. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வாராந்திர அளவீட்டின்படி, கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே ஒருவர் வேலையில் உள்ளவராகக் கருதப்படுகிறார். வேலை பாதியாகிப்போன தொழிலாளி அந்தக் கணக்கில் வேலையற்றவர் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

வேலையிழந்த இ.எஸ்.ஐ. உறுப்பினர்களுக்கு அதிகபட்சம் 90 நாட்களுக்கு உதவித்தொகை வழங்கும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018 முதல் இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்க ஜமாஅத்துகளும் சேவை அமைப்புகளும் உதவலாம். ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தக் கதவு திறக்காது. தொழிலாளர்களை முறைப்படி பதிவு செய்வது முதலாளிகளின் பொறுப்பு.

ஜகாத் நிதியை ஒரு மாத அரிசிக்கு மட்டும் கொடுக்காமல், தையல் இயந்திரமாகவோ தள்ளுவண்டியாகவோ கொடுத்தால் ஒரு குடும்பம் மீண்டும் சம்பாதிக்கத் தொடங்கும். ஆர்டர் குறையும் காலத்தில், சிலரை முழுவதுமாக நிறுத்துவதைவிட இருக்கிற வேலையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்க முடியுமா என்று முதலாளிகள் யோசிக்க வேண்டும். இன்று நாம் வெளியே அனுப்பும் தொழிலாளிதான் நாளை நம் கடைத்தெருவுக்கு வரவேண்டிய வாடிக்கையாளர்.