கொடியில் காயாத துணி



பேரிகை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது முரசு. ஊரெல்லாம் கேட்க முழங்குவது அதன் தொழில். ஓசூருக்குக் கிழக்கே, கன்னட நாட்டு எல்லையை ஒட்டி அப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது அவ்வூரில்தான். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அவ்வூரில் எவரும் உரக்கச் சொல்லாத ஒன்று. பெண்கள் மாதந்தோறும் பயன்படுத்தும் துணியைப் பற்றியும், அவர்களுடைய உள்ளாடையைப் பற்றியும் பேசப் போகிறேன். வரலாறு என்றால் போரும் அரசரும் மட்டுமே என்று எண்ணுவோர் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

என் பாட்டியின் வீட்டு முற்றத்தில் ஒரு துணிக்கொடி இருந்தது. அதில் வேட்டியும் சேலையும் முன்வரிசையில் காயும். பாவாடையும் ரவிக்கையும் அவற்றுக்குப் பின்னே காயும். உள்ளாடை இருந்தால், அது பாவாடையின் அடியில் ஒளிந்து காயும். மாதத் துணி மட்டும் எந்நாளும் அக்கொடிக்கு வந்ததில்லை. மாட்டுக் கொட்டகையின் கூரைச் செருகலில், வெளிச்சம் புகாத இடத்தில், அது அரைகுறையாகக் காய்ந்து கிடக்கும். சிறுமியாகிய நான் ஒருநாள் அதை எடுத்து, இஃது என்ன என்று கேட்டேன். பாட்டி என் கையைத் தட்டிவிட்டாள். விடை சொல்லவில்லை. அன்று கிடைக்காத அவ்விடையைத் தேடியதன் பயனே இப்பேச்சு.

முதலில் சொற்களைப் பார்ப்போம். எங்கள் ஊர் மும்மொழிகள் கூடும் ஊர். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கலாம். மாதவிடாயைத் தமிழர் தீண்டல் என்றனர். தெலுங்கரும் கன்னடரும் முட்டு என்றனர். தீண்டலுக்கும் முட்டுக்கும் பொருள் ஒன்றே. தொடுதல் என்பதே அது. தொடலாகாது என்னும் விலக்கே உடல்நிகழ்ச்சிக்குப் பெயராக நின்றுவிட்டது. மூன்று மொழியினரும் எத்தனையோ செய்திகளில் வேறுபடுவர். இதில் மட்டும் ஒன்றுபட்டனர்.

இவ்விலக்கு நேற்று முளைத்ததன்று. புறநானூற்றின் 299-ஆம் பாடல் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. போர்க்களத்தில் பின்வாங்கி நின்ற குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் விலக்குடைய மகளிரை அவர் உவமை கூறுகிறார். கேட்போர் அனைவரும் அறிந்த வழக்கமாக இருந்தால்தான் அஃது உவமையாக முடியும். ஆகவே சங்க காலத்திலேயே இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது என்று துணியலாம். அதனை எதிர்த்த குரலும் தமிழில் உண்டு. எதைத் தீட்டென்று தள்ளுகிறீர்களோ, அதிலிருந்தன்றோ உங்கள் உடல் உருவாயிற்று என்னும் கருத்துப்படச் சித்தர் சிவவாக்கியர் பாடியிருக்கிறார். இவ்விரண்டு குரல்களும் நம்முடையவையே. எதனைக் கைக்கொள்வது என்பது நம் பொறுப்பு.

இனி உடைக்கு வருவோம். இன்று நாம் ஜட்டி என்று வழங்கும் உள்ளாடை நம் முன்னோருக்குத் தெரியாது. சேலையும், பின்னர் அதனுள் பாவாடையுமே பெண்டிரின் உடை. மாதவிடாய் நாள்களில் பழஞ்சேலையைக் கிழித்து மடித்து, இடுப்பில் கட்டிய கயிற்றில் முன்னும் பின்னும் செருகிக்கொள்வர். துணி போதாத வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். சேலை ஒன்றே உடையவள் கிழிப்பதற்கு எதனை எடுப்பாள்? வறுமை முதலில் தொட்டது இத்துணியைத்தான்.

மேலை நாட்டுப் பெண்கள் இதில் நம்மினும் முந்தியிருந்தனர் என்று எண்ணிவிட வேண்டா. ஐரோப்பியப் பெண்களிடையே உட்கால்சட்டை பரவலானது 19-ஆம் நூற்றாண்டிலேதான். அதுவும் இரு கால்களும் தனித்தனியாய், நடுவே தைக்காமல் விடப்பட்டதாய் இருந்தது. முழுதும் தைத்து உடலை ஒட்டி அமைந்த உள்ளாடை 20-ஆம் நூற்றாண்டில்தான் பொதுவழக்காயிற்று. அங்கும் மாதந்தோறும் துணியை மடித்து இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டவர்களே மிகுதி.

மாறுதலைக் கொண்டுவந்தது முதல் உலகப்போர். போரில் காயமுற்றோரின் புண்ணைக் கட்டுவதற்குப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவில் கிம்பர்லி கிளார்க் என்னும் காகிதக் கம்பெனியார் மரக்கூழிலிருந்து ஒருவகைப் பஞ்சை ஆக்கினர். அது பருத்தியை விட மலிவு. ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும் இயல்புடையது. மருத்துவமனைகளில் பணிபுரிந்த செவிலியர் அதனைத் தங்கள் மாதத் தேவைக்கும் பயன்படுத்திக்கொண்டனர். போர் முடிந்தபின் அக்கம்பெனி 1920-இல் அதனைக் கோட்டெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பெண்கள் கடையிலுள்ள ஆண்களிடம் அதனைக் கேட்டு வாங்க நாணினர். ஆகவே பொட்டலங்களைக் கடைமேடையில் அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியலை வைத்தனர். காசை இட்டுவிட்டு, வாய் திறவாமல் எடுத்துச் செல்லலாம். பேரிகையில் மாட்டுக் கொட்டகை, அமெரிக்காவில் உண்டியல். நாணம் இரண்டிலும் ஒன்றே.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்த அணையாடை இடுப்புப் பட்டையில்தான் மாட்டப்பட்டது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடிப்புறம் பசை தடவிய அணையாடை வந்தது. பட்டை வேண்டாததாயிற்று. ஆனால் பசை ஒட்டுவதற்கு உடலோடு பொருந்திய உள்ளாடை வேண்டும். மாணவர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். அணையாடையின் வரலாறும் உள்ளாடையின் வரலாறும் இவ்விடத்தில் ஒன்றாகப் பிணைந்தன. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொடாவிட்டால் பயனில்லை.

இவ்வுண்மையை நான் நூலில் படிக்கவில்லை. என்னோடு எட்டாம் வகுப்பில் படித்த தோழி ஒருத்தி கணக்கில் வகுப்பிலேயே முதல்வி. அவள் பூப்பெய்தியபின், மாதந்தோறும் நான்கைந்து நாள்கள் பள்ளிக்கு வரமாட்டாள். பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அவளுக்கு உள்ளாடை இல்லை. துணி நழுவிவிடும் என்னும் அச்சம் மட்டும் இருந்தது. ஒருநாள் பாவாடையில் கறை பட்டது. பின்வரிசையில் சிலர் சிரித்தனர். அவள் மறுநாள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. அடுத்த ஆண்டு அவளைத் தக்காளித் தோட்டத்தில் கூலியாளாகக் கண்டேன். சிரித்தவர்களுள் நானும் ஒருத்தி என்பதை இந்நாளில் மறைப்பதற்கில்லை.

இதே துணி கோயம்புத்தூரில் ஒருவர் வாழ்க்கையையே மாற்றியது. அருணாசலம் முருகானந்தம் என்னும் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1998-இல் மணம் புரிந்த அவர், மனைவி அழுக்குத் துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் அணையாடை வாங்கினால் பாலுக்குக் காசிராது என்று மனைவி சொன்னார். தாமே செய்ய முனைந்த முருகானந்தம் முதலில் பருத்தியைக் கொண்டு முயன்று தோற்றார். சோதித்துப் பார்க்கப் பெண்கள் முன்வராமையால், பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு தாமே அணிந்து பார்த்தார். ஊரார் இகழ்ந்தனர், மனைவியும் தாயும்கூடச் சில காலம் பிரிந்து சென்றனர். கம்பெனிகள் பயன்படுத்துவது பருத்தி அன்று, மரக்கூழ் என்பதை அறிந்துகொள்ளவே அவருக்கு ஈராண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் உலகப்போரில் செவிலியர் கண்ட அதே மரக்கூழ்தான்! அதன்பின் சிற்றூர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இயக்கத்தக்க எளிய இயந்திரத்தை அவர் ஆக்கினார். 2016-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

தமிழ்நாட்டு அரசும் வாளா இருக்கவில்லை. 2012-இல் தொடங்கிய புதுயுகம் திட்டத்தின் வாயிலாக, ஊர்ப்புறங்களில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு அணையாடை விலையின்றி வழங்கப்பட்டது. நடுவண் அரசு 2018 சூலையில் அணையாடை மீதிருந்த 12 விழுக்காட்டு வரியை நீக்கிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் தூய்மையான முறைகளைக் கைக்கொள்வோர் 2015-16-இல் ஏறத்தாழ 58 விழுக்காடு; 2019-21-இல் ஏறத்தாழ 77 விழுக்காடு. இவை போற்றத்தக்க மாறுதல்கள்.

எனினும் வரலாறு படிப்போர் கணக்கும் போட்டுப் பார்த்தல் நன்று. புதுயுகம் திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட அளவு, இரு திங்களுக்கு ஒருமுறை மூன்று பொட்டலங்கள்; பொட்டலம் ஒன்றுக்கு ஆறு. அஃதாவது, திங்களுக்கு ஒன்பது. ஐந்து நாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு இரண்டுகூட முழுமையாக வாரா. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நலம் என்று கொண்டால் நாளொன்றுக்கு நான்கு வேண்டும். எஞ்சிய தேவைக்குப் பழந்துணிதான் துணை. கொடுத்தது குறை என்று பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. துணியின் காலம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே கூறுகிறேன்.

துணி குற்றமுடையதும் அன்று. மென்மையான பருத்தித் துணியைச் சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தினால் தீங்கில்லை. தூக்கி எறியும் அணையாடையில் பிளாஸ்டிக் உண்டு; அஃது எளிதில் மக்காது; ஏரியிலும் கால்வாயிலும் சேர்ந்து அடைக்கும். ஆகவே துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கு இன்றும் இடமுண்டு. ஈரம் உலராத துணியில் கிருமிகள் பெருகும். அதனை உலரவிடாமல் இருட்டுக்குள் தள்ளியது எது? நாணம். என் பாட்டிக்குத் தீங்கு செய்தது துணி அன்று. அதனைக் கொட்டகைக் கூரையில் செருக வைத்த நாணமே.

நாணமும் விலக்கும் உயிரையே கொள்ளும் என்பதற்கும் சான்று உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது, பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காடு என்னும் ஊரில், பூப்பெய்திய சிறுமி ஒருத்தி தனிக் குடிசையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசைமேல் விழுந்தது. அச்சிறுமி இறந்தாள். புயலை நம்மால் தடுக்க இயலாது. அவளை வீட்டினுள்ளே படுக்கச் சொல்ல இயன்றிருக்கும்.

இன்றைய பேரிகையில் விடியுமுன்னரே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. முன்பு கேழ்வரகுக் கழனியில் நின்ற பெண்களின் பேத்தியர் ஓசூர் ஆலைகளுக்கும், எல்லைக்கு அப்பாலுள்ள ஆலைகளுக்கும் செல்கின்றனர். கழனியில் ஒதுங்க ஒரு வரப்பும் புதரும் இருந்தன. ஆலையில் ஒதுங்க மேற்பார்வையாளரின் இசைவு வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று விதித்தது. கழிப்பறை இருத்தல் ஒன்று. தேவைப்படும்போது எழுந்து செல்லும் உரிமை மற்றொன்று.

மாதவிடாய் விடுப்பைப் பற்றியும் இப்போது பேச்சு எழுந்துள்ளது. பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 1992-லேயே மாதம் இரண்டு நாள் விடுப்பு அளித்தது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில், பணிபுரியும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்க ஒப்புதல் தந்தது. இச்செய்தி வந்த நாளில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, “அம்மா, எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வலித்தால்தான் வலியா?” என்று என்னைக் கேட்டாள். விடுப்பு வேண்டும் என்போரும் உளர். அதனாலேயே பெண்களுக்கு வேலை கொடுக்க முதலாளிகள் தயங்குவர் என்று அஞ்சுவோரும் உளர். இரு தரப்பும் எண்ணிப் பார்க்கத்தக்கவையே. ஆயினும் அப்பெண் ஒலியடக்காமல், நடுத்தெருவில் நின்று அக்கேள்வியைக் கேட்டாள். என் பாட்டி காலத்தில் அது நடந்திராது.

மாணவ நண்பர்களே, உங்களால் சட்டம் இயற்ற முடியாது. இயந்திரம் ஆக்கச் சிலரால் முடியலாம். ஆனால் உங்கள் அனைவராலும் முடிவது ஒன்று உண்டு. வகுப்பில் ஒருத்தியின் உடையில் கறை கண்டால் சிரியாதிருங்கள். மாணவிகளே, அவள் பக்கத்தில் சென்று நில்லுங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டுக் கொடியில் உங்கள் தாயோ தங்கையோ அத்துணியை வெயிலில் உலர்த்தினால், அதுவும் ஒரு துணி என்றே கொள்ளுங்கள். நான் சிரித்த ஒரு சிரிப்பு கணக்கில் முதல்வியாக இருந்த ஒருத்தியைத் தக்காளித் தோட்டத்துக்கு அனுப்பிற்று. அக்கணக்கை இன்னும் நான் தீர்க்கவில்லை. நீங்கள் அப்படியொரு கடனோடு முதுமை எய்த வேண்டா.