கண்ணாடி கழுவும் தண்ணீர்: ஒரு சின்ன வரலாறும் என் பாடத்துக்கு ஒரு திருத்தமும்

போன ஆடி மாதம் தென்காசியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குற்றாலச் சாரல் ஆலங்குளம் வரை கூடவே வந்தது. முன்னால் போன மணல் லாரி ஒரு பள்ளத்தில் இறங்க, செம்மண் தண்ணீர் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது. வழக்கம்போல ஸ்டீயரிங் பக்கத்துக் குச்சியை இழுத்தேன். தண்ணீர் பீய்ச்சியது, வைப்பர் துடைத்தது, சாலை தெரிந்தது. அடுத்த நொடி வண்டிக்குள் ஒரு வாடை.

"ஏங்க, இது என்ன வாடை? அழுகுன முட்ட மாதிரில்லா அடிக்கி!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் என் மனைவி.

வெளியே ஏதோ சாக்கடை என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு மைல் தள்ளி மறுபடியும் தண்ணீர் அடித்தேன். மறுபடியும் அதே வாடை. அங்கே சாக்கடை எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் வயல்தான். சாக்கடை என் வண்டிக்குள்ளேயே இருந்தது.

இதை எழுதவே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் 30 வருடத்துக்கு மேல் பயிற்றுநராக இருந்தவன் நான். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி மட்டும் பாடத்தில் ஒரே ஒரு வரிதான் சொல்வேன்: "நல்ல தண்ணி ஊத்துங்கடே, போதும்." சில நாள் தாராளமாக, "ரெண்டு சொட்டு ஷாம்பூ விட்டுக்கோங்க" என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரி தவறு என்று எனக்குத் தெரிய ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆக வேண்டியிருந்தது.

முதலில் இந்தத் தண்ணீர் எப்படி வண்டிக்குள் வந்தது என்று பார்ப்போம்.

மழையில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்ற யோசனை ஒரு பெண்ணுடையது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். குளிர்காலத்தில் நியூயார்க் நகரில் டிராம் வண்டியில் போனபோது, முன் கண்ணாடியில் பனி படிந்து ஓட்டுநர் சாலை தெரியாமல் கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு, குளிர் முகத்தில் அறைய ஓட்டுவதைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு நெம்புகோலைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும்படி ஒரு கருவி வரைந்து, 1903 நவம்பரில் காப்புரிமை வாங்கினார். வாங்க ஆளில்லை. கனடா நிறுவனம் ஒன்று, இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று பதில் எழுதியது. 17 வருடக் காப்புரிமை காலாவதியான பிறகுதான் கார்களில் வைப்பர் சாதாரணமாக வரத் தொடங்கியது. அவருக்கு அதனால் காசு எதுவும் வரவில்லை. அவருடைய நெம்புகோல் யோசனையைக் கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் பட்டறையில் பாடத்துக்கென்று நின்ற பழைய ஜீப்பில் வைப்பரைக் கையால்தான் ஆட்ட வேண்டும். ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் வைப்பர், கியர் மாற்ற மூன்றாவது கை வேண்டும் என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

பிறகு எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தைக் கொண்டு ஓடும் வைப்பர்கள் வந்தன. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வெற்றிடம் குறைந்துவிடும், வைப்பர் சோம்பிப்போய் நின்றுவிடும். மழையும் ஏற்றமும் சேர்ந்தால் ஓட்டுநர் பாடு திண்டாட்டம். என் சிறு வயதில் எங்கள் தெரு டாக்சிக்காரர் பீடிப் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு கிளம்புவார். துளி நிற்காமல் வழுக்கி ஓடும் என்பது அவர் கணக்கு.

மழை விட்ட பிறகுதான் வேறொரு தொல்லை. காய்ந்த சேற்றின்மேல் வைப்பர் ஓடினால் அது துடைக்காது, பூசிவிடும். அதற்குத்தான் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு. 1930களில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து டிரைக்கோ நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் வேடிக்கையான ஏற்பாடு ஒன்று இருந்தது. தண்ணீரைத் தள்ள மோட்டார் கிடையாது. ஸ்டெப்னி டயரில் இருக்கும் காற்றுதான் ஒரு குழாய் வழியாக வந்து தண்ணீரைத் தள்ளும். டயரில் காற்று மிகவும் இறங்கிவிடாமல் தடுக்க ஒரு வால்வும் உண்டு. இதை வகுப்பில் சொன்னால் பின்பெஞ்சுக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அதன்பின் சின்ன மின்மோட்டார் வந்தது. இப்போது நம் எல்லார் வண்டியிலும் இருப்பது அதுதான்: ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஒரு மோட்டார், ஒரு ரப்பர் குழாய், பானெட் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு துளைகள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். குளிர்நாடுகளில் வெறும் தண்ணீர் ஊற்றினால் அது தொட்டியிலேயே உறைந்து கட்டியாகிவிடும். அதனால் அவர்கள் தண்ணீரோடு ஆல்கஹால் சேர்ந்த திரவத்தைக் கலந்தார்கள். உறையாமல் இருக்கத்தான் கலந்தார்கள். ஆனால் அதே ஆல்கஹால் கிருமி வளராமலும் பார்த்துக்கொண்டது. நம் ஊரில் உறையும் பயம் இல்லை. அதனால் திரவமும் இல்லை. திருநெல்வேலி வெயிலில் பானெட்டுக்கு அடியில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பாக மாதக்கணக்கில் ஒரே தண்ணீர் நிற்கிறது. கிருமிக்கு இதைவிடச் சுகமான வீடு உண்டா? தொட்டியின் சுவரில் வழவழவென்று பாசிபோல ஒரு படலம் கட்டும். அந்தப் படலத்தின் அடியில் காற்று புகாத இடத்தில், தண்ணீரில் உள்ள சல்பேட் உப்பைத் தின்னும் ஒருவகைக் கிருமி, அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். நான் விடச் சொன்ன இரண்டு சொட்டு ஷாம்பூ அந்தக் கிருமிக் கூட்டத்துக்குச் சாப்பாடாகத்தான் போயிருக்கும்.

வெளியே அடித்த தண்ணீர் உள்ளே எப்படி வாடை அடிக்கிறது என்று கேட்கலாம். வண்டிக்குள் வரும் வெளிக்காற்று, கண்ணாடியின் அடியில் வைப்பர் பக்கத்தில் இருக்கும் சல்லடை வழியாகத்தான் நுழைகிறது. கண்ணாடியில் பட்ட தண்ணீர் வழிந்து வருவதும் அங்கேதான். வாடையும் நுண்ணிய துளிகளும் நேராக நம் மூக்குக்கு வந்துவிடும்.

வாடை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

1976 ஜூலையில் அமெரிக்கா தன் 200வது சுதந்திர ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஃபிலடெல்பியா நகரின் பெல்லவ்யூ ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடந்தது. ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொருவராகக் கடும் காய்ச்சலிலும் நிமோனியாவிலும் விழுந்தார்கள். ஹோட்டல் பக்கம் போனவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றார்கள், 34 பேர் இறந்தார்கள். விஷமா, சதியா என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. ஆறு மாதம் கழித்து, 1977 ஜனவரியில், ஜோசப் மெக்டேட் என்ற அரசு விஞ்ஞானி அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று காட்டினார். லீஜியன் மாநாட்டில் தாக்கியதால் அதற்கு லெஜியோனெல்லா என்றே பெயர் வைத்தார்கள். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் வளர்வது அதன் குணம். அது கலந்த நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். வயதானவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள்.

அதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில் இந்த நோய் வந்தவர்களின் கணக்கைப் பார்த்த அதிகாரிகள், தொழில்முறை ஓட்டுநர்களுக்கு இது அதிகமாக வருவதைக் கவனித்தார்கள். ஏன் என்று துருவிப் பார்த்து 2010ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி கழுவும் தொட்டியில் திரவம் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். சோதித்த வண்டிகளில், வெறும் தண்ணீர் இருந்தவற்றில் ஐந்தில் ஒன்றில் லெஜியோனெல்லாவின் தடயம் கிடைத்தது. திரவம் கலந்த வண்டிகளில் கிடைக்கவில்லை. சோதித்தது கொஞ்சம் வண்டிகள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடம் கழித்து, அமெரிக்காவின் அரிசோனாவில், நம்மைப்போல வெயில் கொளுத்தும் ஊரில், பள்ளிப் பேருந்துகளின் தொட்டிகளைச் சோதித்தபோதும் பலவற்றில் இந்தக் கிருமி இருந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆடி மாதத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு என் மனைவிக்கு நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. என் வண்டியில் எப்போதும் முன் சீட்டில் உட்காருபவள். எந்தக் கிருமி என்று அப்போது யாரும் தேடவில்லை. தேட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நிமோனியா நூறு வழியில் வரும், என் வண்டித் தண்ணீரால்தான் வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இல்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அவளிடம் சொன்னபோது, "போனது போகட்டும், மொதல்ல அதக் கழுவுங்க" என்றாள்.

கழுவினேன். எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில், வாடை எங்கிருந்து என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி போட்டவுடன் வந்தால் அது வேறு கதை, ஏசியைத்தான் கழுவ வேண்டும். தண்ணீர் பீய்ச்சும்போது மட்டும் வந்தால் தொட்டிதான். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். இருக்கும் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்தே காலி செய்யாதீர்கள், அதைத்தானே நாம் மூச்சில் இழுக்கக் கூடாது என்கிறோம். தொட்டிக்கு அடியில் மோட்டாரில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு வாளியில் வடியவிடுங்கள். என் வண்டியில் வந்தது பச்சையும் கறுப்புமாகக் கஞ்சிபோல இருந்தது. எங்கள் மெக்கானிக் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல மீனு வளத்தியளா?" என்றான்.

பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நான்கு பங்கு, வெள்ளை வினிகர் ஒரு பங்கு கலந்து நிரப்பி அரை மணி நேரம் ஊறவிட்டேன். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை அடைத்து, பத்துப் பத்து நொடியாக அடித்துக் குழாயையும் துளைகளையும் கழுவினேன். தொட்டி காலியான பிறகு மோட்டாரை ஓடவிடக் கூடாது, எரிந்துவிடும். மிச்சத்தை வடித்துவிட்டு இன்னொரு தடவை வினிகர், அப்புறம் இரண்டு தடவை நல்ல தண்ணீர். சிலர் பிளீச்சிங் போடச் சொல்வார்கள். பெயிண்டுக்கும் ரப்பருக்கும் அது ஆகாது. வினிகரோடு அது கலந்தால் குளோரின் வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒன்றாகத் தொடவே வேண்டாம். துளை அடைப்பைக் குண்டூசியால் எடுத்தேன். வைப்பர் அடியில் சல்லடையில் மக்கிக் கிடந்த வேப்பிலைச் சருகை இரண்டு கை நிறைய அள்ளினேன். கடைசியாக, கடையில் விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி கலந்து ஊற்றினேன். வாடை போய்விட்டது. மொத்தச் செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் காசுதான்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன். காலண்டரில் குறித்து வைப்பது என் மனைவியின் பொறுப்பு. அவள் மறப்பதில்லை.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள், டாக்சியும் பள்ளி வேனும் ஓட்டுகிறார்கள். நாள் முழுக்க அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களில் யாராவது இதைப் படித்தால், தம்பிகளா, அன்று நான் சொன்னது தப்பு. நல்ல தண்ணி மட்டும் போதாது. ஷாம்பூவும் வேண்டாம். இதுக்குன்னு விக்கிற திரவத்தக் கலந்து ஊத்துங்க. சொல்லிக்கொடுத்தவன் நான்தான், திருத்த வேண்டியவனும் நான்தான்.