டிஎல்எல்லின் தனிக்குடித்தனம்

விண்டோஸ் 98 ஓட்டின ஆளுங்களுக்கு 'டிஎல்எல் ஹெல்' மறந்திருக்காது. எல்லா மென்பொருளும் சிஸ்டம் ஃபோல்டர்ல இருக்கிற ஒரே டிஎல்எல்லைத்தான் பங்கு போட்டுக்கும். புதுசா ஒண்ணை நிறுவினா, அது தன்னோட பதிப்பை அதுமேல எழுதிட்டுப் போயிடும். நேத்துவரைக்கும் ஒழுங்கா ஓடின வேறொண்ணு படுத்துடும். கூட்டுக்குடும்பத் தகராறேதான் :-)

விண்டோஸ் 2000 வந்தப்போ முக்கியமான சிஸ்டம் கோப்புகளை மேலெழுத விடாம மைக்ரோசாஃப்ட் காவல் போட்டது. உங்க டிஎல்எல்லை உங்க ஃபோல்டர்லயே வெச்சுக்குங்கன்னு நிரலர்களுக்கும் சொல்லிடுச்சு. தனிக்குடித்தனம் ஆரம்பம்! டிஎல்எல் மட்டுமில்லைங்க, மொழியையே மூட்டை கட்டிட்டு வர்றவங்களும் உண்டு. பிளெண்டர் இன்னிக்கும் தனக்குன்னு ஒரு பைத்தானோடதான் வருது.

வில்லங்கம் 2004 செப்டம்பர்ல வெளிப்பட்டது. ஜிடிஐ பிளஸ்ங்கிற டிஎல்எல்ல ஓட்டை. ஒரு ஜேபெக் படத்தைத் திறந்தாலே கணினி அடுத்தவன் கைக்குப் போயிடலாம். விண்டோஸ் அப்டேட் தன்னோட பிரதியைச் சரிபண்ணுச்சு. ஆனா ஒவ்வொரு மென்பொருளும் தன் ஃபோல்டர்ல ஒளிச்சு வெச்சிருந்த பிரதிகளை? விண்டோஸ் 2000-ல அந்த டிஎல்எல் இயல்பா கிடையவே கிடையாது. மென்பொருள்கள் கொண்டுவந்து வெச்சதாலதான் ஆபத்தே. தேடிக் கண்டுபிடிக்கவே மைக்ரோசாஃப்ட் தனியா ஒரு கருவி கொடுக்க வேண்டி வந்தது.

வட்டுல இடம் வீணாகுதேன்னு பலரும் புலம்புவாங்க. என்னைக் கேட்டா அது சில்லறை விஷயம். ஓட்டையை அடைக்கற பொறுப்பு யாருதுங்கறதுதான் கேள்வி. 2023 செப்டம்பர்ல லிப்வெப்பி ஓட்டை வந்தப்பவும் இதே கதைதான்: குரோம் உடனே திருந்திடுச்சு, எலக்ட்ரான்ல செஞ்ச ஒவ்வொரு மென்பொருளும் தன் குரோமியத்தைத் தானே மாத்திக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.