கேட்போரும் பேசுவோரும்: அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரமும் கிழக்குக் கரையும்

இலங்கையில் வானொலியின் வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த நிலையம் தொடங்கப்பட்டது, எவர் அறிவிப்பாளராயிருந்தார், எந்நிகழ்ச்சி புகழ்பெற்றது என்பனவே அவ்வரலாற்றின் பொருளாயின. நிலையங்களுக்கு முன்னரே வானலையில் பேசியோர் இருந்தனர் என்பதும், அவர்கள் எந்த நிறுவனத்தின் ஊழியராகவும் அல்லாது, ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு அங்கு வந்தவர்கள் என்பதும் போதிய கவனத்தைப் பெறவில்லை. அவர்களே அமெச்சூர் வானொலியாளர். உலக வழக்கில் 'ஹாம்' என்று சுருக்கமாக அழைக்கப்படுவோரும் இவர்களே. இவர்தம் வரலாற்றை நோக்கி, அதன் ஒளியில் அக்கரைப்பற்று முதலான கிழக்குக் கரையூர்களின் நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பொருளை வரையறுத்துக் கொள்வோம். ஊதியமும் வணிக நோக்கமும் இன்றி, தன்னறிவை வளர்த்தல், பிறருடன் தொடர்பு கொள்ளுதல், தொழினுட்ப ஆய்வு ஆகியவற்றுக்காக நடத்தப்படும் வானொலிச் சேவையே அமெச்சூர் சேவை என்பது சர்வதேச விதிகளின் சாரம். இதில் ஈடுபடுவோர் அரசு நடத்தும் பரீட்சையில் சித்தியெய்தி, அனுமதிப்பத்திரமும் தமக்கென ஓர் அழைப்புக் குறியும் பெறுதல் வேண்டும். அதன்பின் தமது வீட்டிலிருந்தே, தாமே அமைத்த கருவியினாலும், கடல் கடந்த மற்றோர் அமெச்சூருடன் உரையாடலாம். பாட்டு ஒலிபரப்பலாகாது, வியாபாரம் பேசலாகாது, பொருளை மறைக்கும் இரகசியக் குறிகளைப் பயன்படுத்தலாகாது. சுருங்கக் கூறின், சாதாரண மனிதன் ஒருவன் மூலதனத்தினால் அன்றிக் கல்வியினால் வானலையில் பேசும் உரிமையைப் பெறும் வாயில் இது.

பயனற்றவை எனப்பட்ட அலைகள்

இவ்வுரிமை எளிதில் கிடைத்ததொன்றன்று. பிரித்தானியாவில் 1904ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், கருவியை இயக்குவோர் எவரும் அரசின் அனுமதி பெறவேண்டும் என விதித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் தனியாரை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. நெடுந்தூரத் தொடர்புக்கு நீண்ட அலைகளே உகந்தவை என்பது அக்காலத்தின் பொதுவான கருத்து. கடற்படைக்கும் வணிகக் கம்பனிகளுக்கும் நல்ல நிலம் போயிற்று. அமெச்சூர்களுக்குக் கிடைத்தது களர் நிலம்.

ஆயின் அந்நிலமே பின்னர் பொன் விளையும் நிலமாயிற்று. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகள் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஸ்கொத்லாந்தின் கரையில் கேட்கப்பட்டன. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரில் இருந்த லியோன் டெலோயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல்லும் ஏறத்தாழ 110 மீற்றர் அலைநீளத்தில் இருவழித் தொடர்பு கொண்டனர். குறுகிய அலைகள் மேல்வளிமண்டலத்தின் மின்னேற்றப் படையிற்பட்டுத் தெறித்து, சிறிய வலுவோடும் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் என்பது நடைமுறையில் நிறுவப்பட்டது. பயனற்றவை எனக் கொடுக்கப்பட்டவற்றின் பயனைக் கண்டோர், அவற்றைப் பெற்றோரே. அதன்பின் அரசுகளும் கம்பனிகளும் அங்கு விரைந்தன. 1925இல் பாரிஸ் நகரில் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் அமைக்கப்பட்டதும், 1927ஆம் ஆண்டின் வாஷிங்டன் மாநாட்டில் அமெச்சூர்களுக்கென அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டதும் இப்போட்டியின் விளைவுகளே. உழைத்துப் பண்படுத்திய நிலத்தின் ஒரு பகுதியையேனும் தக்கவைப்பதற்கு அவர்கள் அமைப்பாகத் திரளவேண்டியிருந்தது.

சென்னையும் கொழும்பும்

தமிழகத்தில் ஒலிபரப்பின் தொடக்கம் அரசின் முயற்சியன்று. 1924 மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. அவ்வாண்டு யூலை 31ஆம் திகதி அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் கழகம் தன் பணியை நிறுத்த நேர்ந்தது. அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது; 1930 ஏப்ரலில் மாநகராட்சி ஒழுங்கான ஒலிபரப்பை ஆரம்பித்தது. அன்பர் சிலர் கூடி நடத்திய கழகம் பொதுநிறுவனம் ஒன்றின் வித்தாயிற்று.

கொழும்பிலும் நிலை பெரிதும் வேறுபட்டதன்று. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921இல் இலங்கைக்கு வந்த எட்வேட் ஹாப்பர், சில ஆண்டுகளுள் பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியே இதற்குப் பயன்பட்டது என்பர். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இதே ஹாப்பர்தாம், ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலர்களைச் சேர்த்து இலங்கைக் கம்பியில்லாத் தந்திக் கழகத்தையும் அமைத்தவர். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இலங்கை அமெச்சூர்களின் அழைப்புக் குறி 'விஎஸ்7' எனத் தொடங்கியது. சுதந்திரத்தையொட்டி அது '4எஸ்7' ஆயிற்று. பேரரசின் பொதுக் குறியிலிருந்து நாட்டின் தனிக் குறிக்கு மாறிய இச்சிறு மாற்றத்தில் ஓர் அரசியல் வரலாறே அடங்கியுள்ளது.

எனினும் இக்கழகங்களின் சமூக அடித்தளம் குறுகியது என்பதை மறத்தலாகாது. ஆங்கிலக் கல்வி, இறக்குமதியான வால்வுகளை வாங்கும் வசதி, தலைநகர வாழ்வு ஆகிய மூன்றும் உடையோரே அவற்றுள் இடம்பெற்றனர். பரீட்சை எவருக்கும் திறந்த வாயிலாயினும், அவ்வாயிலை அடையும் பாதை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

அனுமதியும் ஐயமும்

வானலையில் பேசும் குடிமகனை அரசு என்றும் ஓரளவு ஐயத்துடனேயே நோக்கியுள்ளது. 1914இலும் 1939இலும் போர் மூண்டவுடன் பிரித்தானியாவில் அமெச்சூர்களின் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. 1939இல் இந்தியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆட்சியாளரின் அச்சம் முற்றிலும் பொய்யானதென்று கூறவும் இயலாது. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய தலைமறைவுக் காங்கிரஸ் வானொலிக்குக் கருவி அமைப்பதில் பங்குகொண்ட நரிமன் பிரிண்டர் ஓர் அமெச்சூரே. அரசு மூடிய வாயை மக்கள் இயக்கம் திறப்பதற்கு, தாமாகக் கற்ற தொழினுட்பம் சில மாதங்களேனும் துணைநின்றது. அனுமதிப்பத்திரம் வெறும் நிருவாகத் தாள் அன்று. அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான நம்பிக்கையின் அளவுகோல் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

முதல் அனுமதிப்பத்திரம்

அமெச்சூராகும் முயற்சி, பேசுவதில் அன்றிக் கேட்பதிலேயே தொடங்குகிறது. சிற்றலை வாங்கும் கருவியொன்றை வைத்துக்கொண்டு, எந்நேரத்தில் எந்த அலைவரிசையில் எத்திசைக் குரல்கள் வருகின்றன என மாதக்கணக்கில் குறித்துவருதல் முதற்படி. அலைகள் பகலில் ஒருவாறும் இரவில் ஒருவாறும் செல்வதை இப்பயிற்சி உணர்த்தும். அடுத்தது பாடம்: மின்னோட்டம், தடை, கொள்ளளவம், தூண்டல், பரிவுச் சுற்று, அன்ரனாவின் இயல்பு ஆகியன ஒருபுறம், சர்வதேச விதிகளும் நாட்டின் சட்டமும் மறுபுறம்.

மோர்ஸ் குறியைக் கற்றல் நெடுங்காலம் கட்டாயமாயிருந்தது. தமிழ் மாணவனுக்கு இது அந்நியமானதாகத் தோன்ற வேண்டியதில்லை. குறிலையும் நெடிலையும் மாத்திரையால் அளந்து பழகிய செவிக்கு, ஒரு புள்ளியையும் அதன் மும்மடங்கு நீளும் கோட்டையும் பிரித்தறிதல் இயல்பான பயிற்சியே. 2003ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பாடல் மாநாடு அக்கட்டாயத்தைத் தளர்த்தி, அதனை நாடுகளின் விருப்பத்துக்கு விட்டது.

இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்துறையை நெறிப்படுத்துகின்றன. அத்திருத்தத்தின்வழி உருவான தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவே அனுமதியை வழங்குகிறது. தொடக்கநிலை, பொதுநிலை, உயர்நிலை எனப் படிகள் உள்ளன. இலங்கை வானொலிச் சங்கம் அமெச்சூர்களின் தேசிய அமைப்பாக இயங்கிவருகிறது.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். 7 மெகாஹேட்ஸ் அலைவரிசைக்கு வேண்டிய அரையலை அன்ரனா ஏறத்தாழ 20 மீற்றர் செப்புக் கம்பியன்றி வேறில்லை. நடுவே துண்டித்து ஊட்டுகம்பியை இணைத்து, இரு முனைகளையும் உயரத்திற் கட்டுதல் போதும். அக்கரைப்பற்றின் வளவுகளில் அதற்கு வேண்டிய தென்னைகளுக்குக் குறைவில்லை. அன்ரனாவை மிக உயர்த்தாது கட்டின் அலைகள் மேல்நோக்கிச் சென்று தெறித்து, சில நூறு கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் விழும். இலங்கை முழுவதையும் தழுவுவதற்கு அது போதுமானது. இடையில் கோபுரமோ கம்பியோ தேவையில்லை. இப்பண்பே பின்வரும் பகுதிக்கு அடிப்படையாகிறது.

கேட்கும் கரை

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையோரம், வயலையும் கடலையும் நம்பி வாழும் தமிழ்பேசும் ஊர்களின் தொடராகும். இங்கு வானொலி புதியதன்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் முஸ்லிம் நிகழ்ச்சிகளும் வீடுகளிலும் தேநீர்க்கடைகளிலும் ஒலித்தன. கேட்பதற்கே ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் எடுத்த காலமும் இருந்தது. ஆயின் அது ஒருவழிப் பாதை. கொழும்பு பேசியது, கரை கேட்டது. கரை பேசினால் கொழும்புக்குக் கேட்கும் வழி, தந்தியும் தொலைபேசியுமே; அதாவது, கம்பமும் கம்பியுமே.

1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைத் தாக்கிய சூறாவளி, இப்பாதையின் வலுவின்மையை வெளிப்படுத்தியது. நாட்டில் 900 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் தென்னைகளோடு கம்பங்களும் சாய்ந்தன. எந்த உதவி எங்கு தேவையென்று கூறும் குரலே முதலில் அறுந்தது.

1983 முதல் 2009 வரையான போர்க்காலம் மற்றொரு தடையாயிற்று. செலுத்தும் கருவி ஐயத்துக்குரிய பொருளாகிய மாகாணத்தில், அதனைக் கற்க முனையும் இளைஞனுக்கு ஊக்கமளிப்பார் எவர்? மொழியும் இதனோடு சேர்ந்து நின்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிக்குப் புறத்தே நிறுத்தியது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், இத்துறையின் நூலறிவு ஆங்கிலத்தின் வழியாகவே வந்துகொண்டிருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்ததை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின்பின் ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் சிதைந்தன. இலங்கையில் இறந்த 30,000க்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழ 10,000 பேர் அம்பாறை மாவட்டத்தவர். எந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை. தீவைச் சுற்றிச் சென்ற அலை, கிழக்கைத் தாக்கிய பின்னரே தென்மேற்கில் பெரலியவில் புகையிரதத்தை அடித்தது. இடைப்பட்ட வேளை நிமிடக்கணக்கிலேயே அளக்கத்தக்கது. ஆயினும் ஒரு வாக்கியம் வானலையில் தீவைக் கடக்கக் கணமே போதும். கிழக்கின் ஓலம் தெற்கின் எச்சரிக்கையாகவில்லை.

ஒரு செலுத்தும் கருவி இருந்திருப்பின் அனைவரும் தப்பியிருப்பர் என நாம் வாதிடவில்லை. கேட்கும் காதும், கேட்டதைச் செயற்படுத்தும் அமைப்பும் இன்றிக் குரல் மட்டும் எதனையும் சாதியாது. எனினும் பேரழிவின்பின் நிகழ்ந்தவை நம் சிந்தனைக்குரியன. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலகவும் அவர்தம் சகாக்களும், தொலைபேசி செயலிழந்த அம்பாந்தோட்டையைச் சிற்றலை வழியாகத் தலைநகரோடு இணைத்தனர். அமெச்சூர் பணியின் பொருட்டு அந்தமானின் போட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத்தும் துணைவர்களும், தீவுகளின் செய்தியை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பினர். இவர்களுள் எவரும் அன்று கற்றுக்கொண்டு பேசியவரல்லர். பல ஆண்டுகளுக்கு முன்னர் பரீட்சை எழுதி, பொழுதுபோக்கு என்று பிறர் எண்ணியதைப் பேணிவந்தமையாலேயே அன்று அவர்களால் பேச முடிந்தது.

முடிவாக

எனவே, முதல் அனுமதிப்பத்திரம் என்பது தனிமனிதன் ஒருவனது பொழுதுபோக்கின் தொடக்கம் மட்டுமன்று. ஓர் ஊர் தன் குரலைத் தானே வைத்திருப்பதற்கான தொடக்கமுமாகும். கைத்தொலைபேசி பரவிய இக்காலத்தில் இது வேண்டாத முயற்சி என்பாருக்கு, கைத்தொலைபேசியும் கோபுரத்தையும் மின்சாரத்தையும் நம்பியது என்பதே மறுமொழி.

தமிழில் இது இயலுமா என்ற ஐயம் இக்கரையில் எழுதற்கு நியாயமில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர். 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமைதாங்கியவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்பின் அதிர்வுகளைக் கணிதத்தால் ஆராய்ந்தவர். அதிர்வெண்ணைத் தமிழில் எண்ணிப் பார்த்த அம்மரபுக்கு, வானலையின் அதிர்வெண் எட்டாத பொருளன்று. 1990களின் நடுப்பகுதியில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், அக்கரைப்பற்றுக்கு அண்மையிலேயே உள்ளது. பாடங்களைத் தமிழில் ஆக்குதல், பாடசாலைகளில் கேட்கும் கழகங்களை அமைத்தல், பரீட்சைக்கு ஆயத்தமாக்கும் வகுப்புகளைக் கரையூர்களுக்குக் கொண்டுவருதல் ஆகியன பெருஞ்செலவின்றி இயலும் கருமங்கள். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களில், ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசவும் பொறுத்திருந்து கேட்கவும் பழகுதல் வேறோர் பயனையும் தரக்கூடும். கற்றோர் இதனைத் தம் பணியாகக் கொள்ளும்போதே, கேட்பதற்கு மட்டும் பழக்கப்பட்ட கரை பேசும் கரையாகும்.