வேகத்தைக் குறைத்த படகு: அட்ரியாட்டிக்கில் லூயிஜி ரிஸ்ஸோ, 1917–1918

டார்பிடோ பிறந்த ஊர் ஃபியூமே, இன்றைய குரோஷியாவின் ரியெக்கா. ஆஸ்திரியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஜொவான்னி லுப்பிஸின் எண்ணத்துக்கு 1866இல் ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் வைட்ஹெட் அங்கே உருக்கொடுத்தார். மலிவான டார்பிடோ படகுகள் போர்க்கப்பல்களின் காலத்தை முடித்துவிடும் என்று 1880களில் பிரெஞ்சுக் கடற்படையில் ஒரு சாரார் வாதிட்டனர். அது நடக்கவில்லை. விரைந்து சுடும் பீரங்கிகளும், இப்படகுகளை வேட்டையாடவே கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல்களும் அவற்றை அண்டவிடவில்லை. பெட்ரோல் இயந்திரம் வந்த பிறகுதான் சிறுபடகுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

முதல் உலகப் போரில் இத்தாலி கட்டிய மாஸ் படகுகள் அந்த மறுவாழ்வின் விளைவு. மர உடல், சுமார் 16 டன் எடை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டார்பிடோக்கள். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவற்றின் வேகத்தையே வியக்கின்றன. லூயிஜி ரிஸ்ஸோவின் போர்ப்பணியைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது: அவர் வென்ற இரு முறையும் வேகத்தைக் கைவிட்டே வென்றார்.

சிசிலியின் மிலாட்ஸோவில் 1887இல் பிறந்த ரிஸ்ஸோ, வணிகக் கப்பலில் தொழில் கற்றவர். 1917 இறுதியில், கபோரெட்டோ தோல்விக்குப் பின், பியாவே ஆற்றங்கரையில் நின்ற இத்தாலியப் படையை ‘வீன்’, ‘புடாபெஸ்ட்’ என்ற பழைய ஆஸ்திரியக் கப்பல்கள் கடலிலிருந்து தாக்கின. அவை தங்கிய இடம் டிரியெஸ்டை ஒட்டிய முஜ்ஜா விரிகுடா. டிசம்பர் 9 இரவு, டார்பிடோ கப்பல்கள் இழுத்துவந்து விட்ட இரண்டு மாஸ் படகுகள் அதன் வாயிலை அடைந்தன. காவலர்களின் குரல் எட்டும் தூரத்தில் நின்று, தடுப்பின் எஃகு வடங்களை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். அதற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே நுழைந்த பிறகு ரிஸ்ஸோவின் டார்பிடோக்கள் ‘வீன்’ கப்பலைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. மற்றப் படகு ‘புடாபெஸ்ட்’டை நோக்கி விட்டவை குறி தப்பின.

1918 பிப்ரவரியில் புக்காரி விரிகுடாவுக்குள் நடந்த தாக்குதலிலும் அவர் இருந்தார். கவிஞர் தன்னுன்ஸியோ பயணம் செய்த படகு அவருடையதுதான். அந்தத் தாக்குதல் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. ஆனால் துவண்டிருந்த நாட்டை அது நிமிர்த்தியது.

ஜூன் 10 விடியற்காலை நடந்ததுதான் பெருநிகழ்வு. ஓட்ரான்டோ நீரிணையில் நேச நாடுகள் அமைத்த தடுப்பை உடைக்க ஆஸ்திரிய அட்மிரல் ஹோர்த்தி தன் பெரிய கப்பல்களைத் தெற்கே நகர்த்திக்கொண்டிருந்தார். பிரெமுடா தீவருகே இரவுப்பணி முடிந்து திரும்பவிருந்த ரிஸ்ஸோ, தொலைவில் நிலக்கரிப் புகையைக் கண்டார். ஓடியிருந்தால் நுரையும் இயந்திர ஓசையும் காட்டிக்கொடுத்திருக்கும். வேகத்தைத் தணித்துக் காவல் கப்பல்களுக்கு இடையே புகுந்து, சில நூறு மீட்டர் நெருக்கத்தில் மாஸ் 15இன் இரு டார்பிடோக்களையும் விட்டார். இரண்டும் அப்பெருங்கப்பல்களில் ஒன்றான ‘ஸென்ட் இஸ்த்வான்’ மீது பாய்ந்தன. உடன்வந்த ஜூஸெப்பே அவோன்ஸோவின் மாஸ் 21, மற்றொரு பெருங்கப்பலான ‘டெகெட்ஹோஃப்’ மீது விட்டவை பலனளிக்கவில்லை. திரும்பும் வழியில் துரத்திவந்த கப்பலின் முன்னே ஆழ்நீர்க் குண்டுகளை வீசி ரிஸ்ஸோ தப்பினார். இந்தக் கட்டத்தில்தான் வேகம் அவருக்கு உதவியது.

கொதிகலன் அறைகளுக்குள் நீர் புகுந்து, 20,000 டன் கப்பல் மெல்லச் சாய்ந்தது. காலை 6 மணி கடந்ததும் கவிழ்ந்தது. 89 பேர் மாண்டனர். உடன்வந்த கப்பலிலிருந்து அக்காட்சியைப் படம்பிடித்தனர். அப்படச்சுருள் இன்றும் உள்ளது. அக்கப்பலைக் கட்டியதும் ஃபியூமேதான். டார்பிடோவுக்கு எதிராக அதன் அடிப்பகுதிக்குக் கொடுத்த காப்பு போதாமல் போனது, டார்பிடோவையே ஈன்ற ஊரில் கட்டிய கப்பல் என்பதால் கூடுதலாக உறுத்துகிறது.

ரிஸ்ஸோவுக்கு இருமுறை தங்கப் பதக்கம் கிடைத்தது. இத்தாலியக் கடற்படை ஜூன் 10ஐத் தன் நாளாகக் கொண்டாடுகிறது. எனினும் பதக்கங்களைவிட முக்கியமான விளைவு, ஹோர்த்தி திட்டத்தையே கைவிட்டதுதான். அதன்பின் ஆஸ்திரியப் பெருங்கப்பல்கள் போருக்குப் புறப்படவில்லை. நவம்பர் 1 அன்று போலா துறைமுகத்தில் அவற்றில் ஒன்றான ‘விரிபுஸ் உனிடிஸ்’ மூழ்கியபோது, அதன் அடியில் வெடிபொருளைப் பொருத்தியவர்கள் ரஃபாயேலே ரொஸ்ஸெட்டி, ரஃபாயேலே பவுலூச்சி என்ற இரண்டு இத்தாலியர்கள். அவர்கள் படகைக்கூட நம்பவில்லை. ஆள் நடக்கும் வேகத்தையும் தாண்டாத ஒரு டார்பிடோவைப் பற்றிக்கொண்டு, நீரில் மிதந்தபடியே தடுப்புகளைக் கடந்து வந்திருந்தார்கள்.